எந்த நேரத்துப் பத்து மணி?

இங்கிலிஷ்காரர் இன்றைக்கும் பத்து மணியை 'டென் ஓ'கிளொக்' என்கிறார்கள். அந்த 'ஓ', 'ஒஃப் த கிளொக்' என்பதன் தேய்மானம். மணிக்கூட்டின்படி என்று அர்த்தம். நிழற்கடிகாரம் ஒரு பத்தும், கோபுரத்து மணிக்கூடு இன்னொரு பத்தும் காட்டிய காலத்தில் எந்தப் பத்து என்று சொல்லியாக வேண்டியிருந்தது. 'கிளொக்'கின் பழைய லத்தீன் மூலத்துக்கும் மணி என்றுதான் பொருள், நம்முடைய மணியைப் போலவே.

அந்த 'ஓ' எங்களுக்குத் தேவைப்பட்டது 1996இல். வரட்சி, மின்வெட்டு. மே 25ஆம் திகதி இலங்கை அரசாங்கம் நாட்டின் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளிவிட்டது. தெமட்டகொடையில் பேஸ்லைன் வீதியோரம் ஸ்கூல் வானுக்கு நின்ற பிள்ளைகளுக்கு ஆறரை மணிக்கும் இருட்டு. பள்ளிவாசல் பாங்கு வழக்கம்போல் சூரியனைக் கேட்டுத்தான் ஒலித்தது. அம்மா சாமியறை மணிக்கூட்டைத் தொடவே விடவில்லை. ராகுகாலத்துக்கு ஜனாதிபதி சந்திரிகாவின் உத்தரவு செல்லாதாம். ஆக, கூடத்தில் புது நேரம், சாமியறையில் பழைய நேரம். நடுவில் அப்பா சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டே கேட்பார்: "இப்ப எந்த நேரத்திலயப்பா நான் வேலைக்குப் போறது?"

ஒக்டோபரில் அரை மணித்தியாலத்தைத் திருப்பித் தந்தார்கள். மிச்ச அரை கொழும்பிலேயே தங்கிவிட்டது. புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னி பழைய நேரத்தை விடவேயில்லை. 2002இல் ஏ-9 பாதை திறந்தபின் ஓமந்தை தாண்டினால் கைக்கடிகாரத்தையும் திருப்ப வேண்டும். சாதிசனத்தின் கலியாணத்துக்கு முகூர்த்தம் சொன்னால் அடுத்த கேள்வி, "அங்கத்தைய நேரமோ, இங்கத்தையதோ?"

இப்போது கைப்பேசி தானாகவே நேரம் பார்த்துக்கொள்கிறது. 'பழைய நேரம்' என்றால் பேரப்பிள்ளைகள் ஏதோ பழைய படத்தின் பெயர் என்று நினைக்கிறார்கள். நிழற்கடிகாரம் போய் எத்தனையோ தலைமுறையாகியும் இங்கிலிஷ்காரர் 'ஓ'வை விடவில்லை. நாங்கள் பத்து வருஷம் இரண்டு நேரத்தில் குடித்தனம் நடத்திவிட்டு, ஒரு சொல்லைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

2006 ஏப்ரல் 15ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டுக்கு மறுநாள், கொழும்பும் பழைய நேரத்துக்குத் திரும்பியது. வன்னிக்கும் எங்களுக்கும் மறுபடி ஒரே மணி. அதே ஆண்டு யூலையில் மாவிலாற்றில் சண்டை மூண்டது.