டிஸ்சார்ஜ் சித்தப்பா

நரம்பியல் வார்டில் படுத்திருக்கும் எவர் குடும்பத்திலும் ஒரு சித்தப்பா இருப்பார். பெரியப்பா, மாமா, மச்சான் என்று உறவு மாறலாம், உத்தியோகம் மாறாது. பத்து நாளாகத் தலை காட்டாதவர், டிஸ்சார்ஜ் அன்று விடிந்ததும் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நிற்பார்.

ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டர் "இன்னிக்குக் கூட்டிட்டுப் போகலாம்" என்றதுதான் தாமதம். பிளாஸ்க்கைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று, மிச்சமிருந்த சாத்துக்குடியைப் பையில் போட்டாயிற்று, காருக்கும் சொல்லியாயிற்று. மணி ஒன்பதரை. இனிமேல்தான் சம்மரி டைப் ஆக வேண்டும். கையெழுத்துப் போட வேண்டிய டாக்டர் ஓ.பி.யில் இருக்கிறார். பிரிக்காத ஊசிகள் ஃபார்மஸிக்குத் திரும்பிப் போய், அந்தத் தொகை கழிந்து, அப்புறம்தான் பில்.

சித்தப்பா நேரே கேஷ்லெஸ் கவுண்டருக்குப் போய்விட்டார். இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024-ல் விட்ட சுற்றறிக்கை அவர் செல்போனில் இருக்கிறது. "மூணு மணி நேரத்துல ஃபைனல் அப்ரூவல் தரணும்மா. லேட்டானா கூடுதல் வாடகை இன்சூரன்ஸ் கம்பெனி தலையில." சட்டம் அவர் சொல்வதுபோலத்தான். ஆனால் ஆஸ்பத்திரி பில்லை அனுப்பிய பிறகல்லவா அந்த மூன்று மணி நேரமே தொடங்கும்? அந்தப் பெண் இதைச் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் சித்தப்பா குரலை உயர்த்தினார்.

முந்தின நாளே "நாளைக்குப் போகலாம்" என்று சொல்லி, சம்மரியையும் அடித்து வைத்துவிடுகிற ஆஸ்பத்திரிகள் உண்டு. அங்கே சித்தப்பாக்கள் சோபிப்பதில்லை.

பதினொன்றரைக்கு பில் போயிற்று. வார்டு சிஸ்டர் வந்தார். பக்கவாதக்காரரை மாத்திரைச் சீட்டு மட்டும் கொடுத்து அனுப்பிவிட முடியாது. "மூக்கு டியூப்ல ஃபீட் குடுக்க யார் கத்துக்கிட்டீங்க?"

சித்தப்பா அண்ணன் மகனைப் பார்த்தார். அண்ணிதான் முன்னால் வந்து, தலைப்பக்கத்தை உயர்த்தி, டியூப் சரியாக உள்ளே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கஞ்சியைச் சொட்டுச் சிந்தாமல் இறக்கிக் காட்டினார்.

"ரெண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்க வைக்கணும். இல்லேன்னா படுக்கைப் புண் வந்துடும். வாட்டர் பெட் வாங்கியாச்சா?"

"அதை நீங்க பாத்துக்கறேன்னு திங்கக்கிழமையே போன்ல சொன்னீங்களே, தம்பி" என்றார் அண்ணி.

சித்தப்பா செல்போனில் அந்தச் சுற்றறிக்கையை மறுபடி ஒரு தடவை படித்தார். பையன் சர்ஜிக்கல் கடைக்கு ஓடினான்.

கெடுவுக்குக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் இருக்கும்போதே, ஒன்று முப்பத்தைந்துக்கு அப்ரூவல் வந்துவிட்டது. வீல்சேரோடு அட்டெண்டர் தயார். சித்தப்பா கையை நீட்டித் தடுத்தார். "இன்னிக்கு வியாழக்கிழமை. மூணு மணி வரைக்கும் ராகு காலம். கிளம்பக் கூடாது."

"சார், இந்த பெட்டுக்கு எமர்ஜென்சில ஒருத்தர் ஸ்ட்ரெச்சர்லயே காத்திருக்கார்."

"அவருக்கும் அதே ராகு காலம்தானே, சிஸ்டர்? மூணுக்கு மேல ஏத்துங்க."