யாரு கூடப் போறீங்க?

அரக்கோணம் என்று சொன்னால் பாதிப் பேர், "ஓ, அந்த வழியாப் போயிருக்கேனே!" என்பார்கள். போயிருப்பார்கள், இறங்கியிருக்க மாட்டார்கள். 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குத் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடிய பாதை இது. அன்றைக்கு ஆரம்பித்த பழக்கம், எல்லோரும் எங்களைத் தாண்டியே போய்க்கொண்டிருக்கிறார்கள். ஒரு பக்கம் சென்னை, ஒரு பக்கம் காட்பாடி, ஒரு பக்கம் ரேணிகுண்டா, ஒரு பக்கம் செங்கல்பட்டு. நடுவில் நாங்கள், வழி சொல்லிக்கொண்டு.

வழி சொல்வதே எனக்கு உத்தியோகம். ரயில்வேயில் விசாரணை கவுன்ட்டர், கூடவே அறிவிப்பு மைக். 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' என்று ஆரம்பித்து, ஆயுசு பூராவும் அடுத்தவர்களை வண்டியேற்றி அனுப்பியிருக்கிறேன். ரிட்டயர் ஆன பிறகும் மார்க்கெட்டில் என் பெயர் அனவுன்ஸ்மென்ட் அம்மாதான். கத்தரிக்காய் விலை கேட்டால்கூட எந்த பிளாட்பாரம் என்று சிரிக்கிறார்கள். வீட்டுக்காரர் லோகோ பைலட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ரயில்காரர் வீட்டில் யூடியூபைத் திறந்தால் அதுவும் ரயிலைத்தான் காட்டும். அப்படி ஒரு ராத்திரி, இடுப்பளவு பனியை இரண்டு பக்கமும் வாரி இறைத்துக்கொண்டு ஒற்றைப் பெட்டி டீசல் வண்டி ஒன்று கடலோரமாகப் போவதைப் பார்த்தேன். வடக்கு ஜப்பான். போகவேண்டும் என்று தோன்றியது. இவரைக் கூப்பிட்டேன்.

"ட்யூட்டியில ஏறுன ரயில் போதாதா? இனிமே துட்டு குடுத்து வேற ஏறணுமா?" என்றார்.

சரி, நான் மட்டும் போகிறேன் என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஊர்தான் சொல்லிற்று. ஏன் ஜப்பான், எவ்வளவு செலவு, அந்தக் குளிரை எப்படித் தாங்குவது, இதையெல்லாம் கேட்டிருந்தால் பதில் வைத்திருந்தேன். பால்காரரிலிருந்து பேங்க் மேனேஜர் வரை எல்லோரும் கேட்டது ஒன்றே ஒன்று: "யாரு கூடப் போறீங்க?"

இதுவே திருத்தணிக்கு என்றால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். 365 படியும் தனியாக ஏறி இறங்கலாம். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் தொலைந்துகூடப் போகலாம். வேண்டுதல் என்று சொல்லிவிட்டால் முருகன் துணை. வேண்டுதல் இல்லாமல் அறுபது தாண்டிய பெண் பெட்டியைத் தூக்கினால்தான், வீட்டில் என்ன தகராறு என்று ஜன்னல் வழியாகப் பார்ப்பார்கள்.

எனக்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. லோக்கலில் சென்னைப் பக்கம் மூன்றாவது ஸ்டேஷன் திருவாலங்காடு. புருஷன் பாண்டிய நாட்டில் வேறு கல்யாணம் செய்துகொண்டான் என்று தெரிந்ததும் இந்த அழகே வேண்டாம் என்று பேயுருவை வாங்கிக்கொண்டு, கயிலாயத்துக்குத் தலையாலேயே நடந்துபோன காரைக்கால் அம்மையார் கடைசியாக வந்து சேர்ந்த இடம் அது. அவர் தலை பட்ட மண்ணில் கால் வைக்கச் சம்பந்தரே தயங்கினாராம். தனியாகப் போனவர், ரிசர்வேஷன் இல்லாமல் போனவர். அவரை யாராவது யாரு கூட என்று கேட்டார்களா? பேயுருவத்தைப் பார்த்துக் கேட்க எவனுக்குத் துணிச்சல் வந்திருக்கும்! ஊர் வாயை மூட அது நல்ல வழிதான். எனக்குக் குரங்குக் குல்லாய் போட்ட பிறகு ஓரளவு கைகூடியது.

ஜப்பான் பக்கம் தேடினால் எல்லோரும் துணையோடு போனவர்கள். பாஷோ என்ற பெரிய கவிஞர் 1689இல் இந்த வடக்குப் பக்கம் நடந்தார். கூடவே சோரா என்று ஒரு சீடர். 1878இல் இசபெல்லா பேர்ட் என்ற இங்கிலாந்துக்காரம்மா 46 வயதில் குதிரையேறி இதே பகுதியைச் சுற்றினார்; கூடவே இட்டோ என்று ஒரு மொழிபெயர்ப்பாளப் பையன். வழியெல்லாம் தெள்ளுப்பூச்சி பிடுங்கியது என்று அந்தம்மா எழுதி வைத்திருக்கிறார். பூச்சியையும் துணைக் கணக்கில் சேர்த்தால் அது பெரிய கோஷ்டிப் பயணம்.

டிக்கெட் விஷயத்துக்கு வருகிறேன். இங்கே 2020 மார்ச் வரை 58 வயதான பெண்ணுக்கு டிக்கெட்டில் பாதி தள்ளுபடி இருந்தது. கொரோனாவோடு போனது, திரும்பவில்லை. ஜப்பானில் ஜே.ஆர். ஈஸ்ட் ரயில்வே மூத்தவர்களுக்கு ஒரு சங்கமே நடத்துகிறது. நான் போனபோது ஆணுக்கு 65, பெண்ணுக்கு 60 ஆனால் கட்டணத்தில் 30 சதவீதம் குறைவாக இருந்தது. 1945இல் பிறந்த சாயூரி யோஷினாகா என்ற நடிகை அதன் விளம்பரங்களில் பல வருடங்கள் வந்தார். வடக்கே ஏதோ ஒரு சின்ன ஸ்டேஷனில், அழகான சால்வையோடு, தன்னந்தனியாக நிற்பார். யாரு கூட என்று கேட்க அந்த விளம்பரத்தில் ஒரு பால்காரர்கூட இல்லை. ஆனால் சங்கம் உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும். ஆக, எனக்கு இன்னும் வயதாகவில்லை என்று இரண்டு நாட்டு ரயில்வேயும் ஒரே குரலில் சொல்லிவிட்டன. வெளிநாட்டுக்காரர் வாங்கும் ஏழு நாள் பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000க்கு ஏறியது. காலமெல்லாம் ரயில்வே பாஸில் போய் வந்தவள், அத்தனைக்கும் வட்டி போட்டுக் கட்டினேன்.

டோக்கியோவில் பச்சை ஹயபூசா வண்டியும் சிவப்புக் கொமாச்சி வண்டியும் மூக்கோடு மூக்கு கோத்து நிற்கின்றன. ஒன்றாகவே 320 கிலோமீட்டர் வேகத்தில் ஓடி, மோரியோகாவில் பிரிந்து, ஒன்று வடக்கே அவோமோரிக்கும் மற்றது மேற்கே அகிட்டாவுக்கும் போகும். சீட்டில் உட்கார்ந்து போன் பேசுவது அங்கே மரியாதை இல்லை என்பதால் கதவோரம் நின்று வீட்டுக்கு வீடியோ கால் போட்டேன். சாப்பிட்டாயா, குளிருதா என்பதெல்லாம் இல்லை.

"ஓவர்ஹெட்ல எவ்ளோ வோல்ட்?"

கேட்பார் என்று தெரிந்து படித்துக்கொண்டு போயிருந்தேன். 25 கிலோவோல்ட், 50 ஹெர்ட்ஸ்.

"நம்ம கரண்ட்டுதான்!" முகம் மலர்ந்துவிட்டது. "கேஜு?"

1,435 மில்லிமீட்டர் என்றேன். நம்முடையது 1,676. அன்றைக்கு மோர்க்குழம்புக்கு இரண்டாவது முறை சோறு போட்டுக்கொண்டதாகப் பிறகு மருமகள் சொன்னாள்.

கொமாச்சி என்பது ஒன்பதாம் நூற்றாண்டுக் கவிஞர் ஓனோ நோ கொமாச்சியின் பெயர். அகிட்டாக்காரர் என்று அந்த ஊர் சொந்தம் கொண்டாடுகிறது. பேரழகி, வயதான காலத்தில் அழகெல்லாம் போய்க் கந்தலோடு அலைந்ததாகக் கதை. அந்தக் கிழவியை வைத்து, 'நோ' என்ற பழைய ஜப்பானியப் பாணியில் நாடகங்களே இருக்கின்றன. எனக்கு உடனே திருவாலங்காட்டு ஞாபகம். அங்கேயும் கவிஞர், அழகி, கடைசியில் வற்றிய உருவம். ஒருவர் பெயரில் 1997 முதல் புல்லட் ரயில் ஓடுகிறது. இன்னொருவர் ஊரில் லோக்கல் நின்று கிளம்புவதற்குள் பாதிப் பேர் இறங்கினால் சாமர்த்தியம். இவரும் கவிஞர்தான் என்று ரயில்வேயில் யாருக்காவது சொல்ல வேண்டும்.

அகிட்டாவுக்கு வடக்கே ஹிகாஷி நோஷிரோவில் தொடங்குவது கோனோ பாதை. 147 கிலோமீட்டர், பெரும்பகுதி கடலை ஒட்டி. பெட்டியில் ஆளுக்கொரு ஜன்னல். நம் லேடீஸ் பெட்டியில் மூன்று பேர் சீட்டில் நாலாவதாக ஒருத்தி, "கொஞ்சம் தள்ளிக்கோம்மா" என்று அரை இடுப்பை வைத்தபடியே சென்ட்ரல் வரை வந்து, இறங்குவதற்குள் நம் மகள் ஜாதகத்தை வாங்கிவிடுவாள். இங்கே பக்கத்து சீட் காலியாகக் கிடந்தும் ஒருவரும் வரவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், சுகமாக இருந்தது. ஒரு பொட்டலம் முறுக்கை யாருக்கும் நீட்டாமல் முழுசாக நானே தின்றேன். நாலு பிள்ளைகளோடு பிறந்தவளுக்குத்தான் அந்த ருசி தெரியும்.

டிரைவர் கேபினுக்குப் பின்னால் கண்ணாடி. அங்கே நின்று பார்க்கலாம். வெள்ளைக் கையுறை போட்ட இளைஞர். மொத்த வண்டிக்கும் அவர் ஒருத்தர்தான். ஒவ்வொரு சிக்னலுக்கும் விரலை நீட்டி, வாய்விட்டு ஏதோ சொல்கிறார். கேட்க யாரும் கிடையாது. விரலும் வாயும் சேர்ந்தால் கண் ஏமாறாது என்பது அங்கத்திய முறை. எனக்கு இது புதிதில்லை. எங்கள் வீட்டில் உதவி டிரைவர் இல்லாமலே ராத்திரி இரண்டு மணிக்குக் கையை நீட்டி, "ஹோம் சிக்னல் டபுள் யெல்லோ" என்று தூக்கத்தில் குரல் வரும். "டபுள் யெல்லோ" என்று நான் திருப்பிச் சொன்னால்தான் குறட்டை தொடரும். பழக்க தோஷம். பனிக்குள்ளிருந்து பச்சை தெரிந்து, அந்தப் பையன் விரல் நீட்டி அறிவித்ததும், "ப்ரொசீட்" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. மைக் பிடித்த குரல் வேறு. பையன் திரும்பவில்லை, காது மட்டும் சிவந்தது. பெட்டியிலிருந்த இரண்டு பாட்டிகள் எனக்குத் தலை குனிந்து வணக்கம் வைத்தார்கள். மேலதிகாரி என்று நினைத்திருக்கலாம்.

ஜப்பான் ரயில் நேரம் தவறாது என்கிறார்கள். பனிக்காற்று யாருடைய டைம் டேபிளையும் படிப்பதில்லை. ஒரு கிளைப்பாதையில் காற்று அதிகம் என்று வண்டியை நடுவழியில் நிறுத்திவிட்டார்கள். கண்டக்டர் வந்தார், குனிந்தார், மன்னிப்புக் கேட்டார், அடுத்த பெட்டிக்குப் போனார், அங்கே குனிந்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அதே. 2017 நவம்பரில் டோக்கியோ பக்கம் ஒரு ரயில் 20 வினாடி முன்னதாகக் கிளம்பியதற்கே மன்னிப்பு அறிக்கை விட்ட நாடு இது. தொழில்முறையில் கவனித்தேன். 'தாமதத்திற்கு வருந்துகிறோம்' என்று நானும் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். வருந்தியவர்கள் பிளாட்பாரத்தில் இருந்தார்கள். இவர் முகத்தைப் பார்த்தால் காற்றை இவரே ஊதிவிட்டார் போலிருந்தது. சக ஊழியர் என்ற முறையில் ஒரு முறுக்கு கொடுத்தேன். மிச்சமிருந்த கடைசி முறுக்கு.

கிசுக்குரி ஸ்டேஷனில் இறங்கியதும் ஒரு கணம் குலைநடுங்கிற்று. ஸ்டேஷன் முகப்பிலேயே ஏறக்குறைய 17 மீட்டர் உயரத்துக்கு ஒரு பொம்மை. தடித்த தேகம், கவிழ்த்த கிண்ணம் மாதிரி வீங்கிய இரண்டு கண்கள், நடுவே ஒரு கோடு, ஒரு கால் இல்லை. பக்கத்துக் கமேகவோக்காவில் 1887இல் தோண்டியெடுத்த களிமண் சிலையின் பெரிய உருவம். அசல் பொம்மை ஜோமோன் காலத்தது, இரண்டாயிரத்தைந்நூறு வருடங்களுக்குக் குறையாத பழசு. டோக்கியோ மியூசியத்தில் இருக்கிறது. ரயில் வரும் நேரத்தில் இந்தப் பொம்மையின் கண்களில் விளக்கு எரியும். ஊர்க்குழந்தைகள் பயந்ததாகக் கேள்வி. நான் முன்னால் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன்.

அடுத்து கோஷோகவாரா. அங்கிருந்து ட்சுகாரு ரயில்வே என்ற குட்டிக் கம்பெனி டிசம்பரிலிருந்து மார்ச் வரை அடுப்பு ரயில் விடுகிறது. பாஸ் செல்லாது, தனி டிக்கெட். பழைய பெட்டிக்குள் நிலக்கரி போட்ட உருண்டை இரும்பு அடுப்பு, அதன் மேல் கம்பிவலை. ஒரு பெண் வந்து, காய்ந்த கணவாயை வலையில் வைத்துக் கையுறையால் அழுத்தினாள். அது சுருண்டு, பொசுங்கி, ஒரு வாசனை வந்தது பாருங்கள்! கருவாடு. சுத்தமான, கலப்படமில்லாத கருவாட்டு வாசனை. நம் லோக்கலில் ஒருத்தி கருவாட்டுப் பொட்டலத்தோடு ஏறினால் புளியமங்கலம் தாண்டுவதற்குள் பெட்டி இரண்டு கட்சியாகி, மோசூரில் கை நீளும். இங்கே அதே வாசனைக்குக் காசு கட்டி, கோட்டு சூட்டோடு வந்து, கண்ணை மூடி மூக்கை நீட்டிக்கொண்டிருக்கிறார்கள். நார் நாராகக் கிழித்துக் கொடுத்தாள். பையிலிருந்து எலுமிச்சை ஊறுகாயை எடுத்தேன். எதிர் சீட் தாத்தா ஒரு விரலில் தொட்டுப் பார்த்தார். அப்புறம் பாட்டிலையே தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தனிப்பயணத்தில் நான் கண்ட ஒரே நஷ்டம் அந்த ஊறுகாய்.

ஒசோரே மலைக்கும் போக ஆசைப்பட்டேன். இறந்தவர்கள் வந்து பேசும் இடம் என்று பெயர். பனிக்காலத்தில் மூடிவிடுவார்களாம், மே மாதம்தான் திறப்பு. திருவாலங்காட்டுப் பேய்க்கு ஒரு நாள்கூட லீவு கிடையாது.

அவோமோரியிலிருந்து ஹொக்கைடோ போகக் கடலுக்கடியில் செய்கான் சுரங்கம். 53.85 கிலோமீட்டர், ஆழமான இடம் கடல்மட்டத்துக்குக் கீழே 240 மீட்டர், 1988இல் திறந்தது. உள்ளே பார்க்க இருட்டுதான். வீட்டுக்காரர் ஏற்றம் எவ்வளவு என்று கேட்டார், ஆயிரத்துக்குப் பன்னிரண்டு. "பரவால்ல, இழுத்துடலாம்" என்றார், சாவியைக் கையில் கொடுத்ததுபோல. ஹக்கோடாத்தேயில் ராத்திரி வெளிச்சம் பார்த்தேன். அதைப் பற்றி எழுத எல்லோரும் இருக்கிறார்கள்.

ஊர் திரும்பினால், என் பயணத்துக்கு அரக்கோணம் ஒரு முடிவு கட்டி வைத்திருந்தது. வீட்டில் தகராறு இல்லை என்று இவர் கடைத்தெருவில் போட்ட சிரிப்பில் நிச்சயமாகிவிட்டது. துணையும் கிடையாது. அப்படியென்றால் வேறு காரணம் இருக்கவேண்டும் அல்லவா? எதிர்வீட்டுத் தங்கச்சி வந்து போட்டோக்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தவள், கிசுக்குரி பொம்மை வந்ததும் நிறுத்தினாள். செருப்பைக் கழற்றினாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அதான பார்த்தேன். வேண்டுதல்னு முன்னாடியே சொல்லியிருந்தா நான் இன்னாத்துக்குக்கா நாலு பேர்கிட்ட கேக்கப்போறேன்? இன்னா அம்மன் இது? கண்ணு மூடிக்கீது?"

"ரயில் வர்றப்போ மட்டும் கண்ணுல வெளிச்சம் வரும்" என்றேன்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள். ரேணிகுண்டா பக்கமிருந்து ஒரு கூட்ஸ், சென்னைப் பக்கமிருந்து ஒரு எக்ஸ்பிரஸ்.

"நல்லவேளைக்கா, நம்மூர்ல வெக்கல. பாவம், கண்ணு அசரவே முடியாது."