கிராஃபு படுத்துக்கிச்சா, பேராண்டி?

வாடா பேராண்டி, ஒக்காரு. மூஞ்சி ஏன் பிடுங்கிப் போட்ட கீரைத்தண்டாட்டம் தொங்குது? சோறே எறங்கலன்னு உங்கம்மா பொலம்பிக்கினு போறா. கடன் கிடன் வாங்கிட்டியோ, இல்ல எதுனா பொண்ணு விவகாரமோன்னு நானும் பயந்துட்டேன். விசாரிச்சா, நெட்டுல மாடித்தோட்டம் பத்தி எழுதுறியே, அதைப் படிக்கிற ஜனம் கொறைஞ்சு போச்சாம். அடேங்கப்பா, இதுக்கா இவ்ளோ துக்கம்! நம்ம பக்கம் ஏரி வத்தின வருஷம் ஊர்ப் பெரியதனக்காரங்ககூட இப்படித் தாடையில கை வெச்சு ஒக்காந்தது இல்ல.

கொடு அந்த போனை. இது இன்னாடா கோடு, மேடும் பள்ளமுமா? ஜூலைக் கடைசியில ஏறுது, ஆகஸ்ட்டுல உச்சாணி, அக்டோபர் பொறந்தா சர்ருனு சறுக்குது. தை மாசம் ஒரு குட்டி மேடு. ஏப்ரல், மேயில பாயைப் போட்டுப் படுத்துக்கிச்சு. இதுக்கா ராத்திரி பூரா முழிச்சுக் கெடக்குற? சுவத்துல தொங்குதே காலண்டரு, அதைக் கிழிக்கிறப்போ பின்னாடி பார்த்திருந்தா உனக்கே வெளங்கியிருக்கும்.

ஆடிப்பட்டம் தேடி வெதைன்னு சொன்னவன் போனுக்கும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கான். ஜூலை நடுவுல ஆடி பொறக்குது. சாயங்காலமானா நம்ம ஆவடிப் பக்கம் இடி இடிச்சு ஒரு மழை ஊத்துது. மண்ணு வாசனை மூக்குல ஏறினவுடனே, கேஸ் அடுப்பைத் தவிர வேற எதையும் தொடாதவளுக்கும் வெண்டை, கத்தரி, அவரை, பாகல், புடலை எல்லாம் ஞாபகத்துக்கு வந்துடுது. குரோ பேக் வாங்குறா, தேங்கா நார்த்தூள் வாங்குறா, உன்னையும் தேடிப் படிக்கிறா. அப்ப வந்த கூட்டத்தைப் பார்த்துட்டு, நம்ம எழுத்து அழகுக்குத்தான் வந்தாங்கன்னு நீ மீசையை முறுக்கிக்கினே. அவங்க வந்தது அவரைக்குடா, உனக்கு இல்ல.

அப்புறம் ஐப்பசி. வருஷத்து மழையில பாதிக்கு மேல அக்டோபருக்கும் டிசம்பருக்கும் நடுவுல கொட்டித் தீக்கிற ஊரு இது. அந்த மூணு மாசமும் மெட்ராஸே தமிழ்நாடு வெதர்மேன் பிரதீப் ஜான் இன்னா எழுதினாருன்னுதான் பார்த்துக்கினு இருக்கும். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்துச்சே, தெருவுல தண்ணி ஓட, கரண்டு இல்லாம, மெழுகுவத்தி வெளிச்சத்துல ஜனம் ஒக்காந்திருந்திச்சு. அந்தச் சமயத்துல நீ இன்னா எழுதின? ‘கார்த்திகையில் கொத்தமல்லி விதைக்கலாம் வாங்க’. ஏன்டா, மாடி ஏறினா கணுக்கால் தண்ணி, அங்க கொத்தமல்லியா வெதைப்பான், கெண்டை மீனு விடுவான். அதே வெதர்மேன் கிட்ட மாசி மாசத்துல போய்ப் பாரு, மழை எப்பன்னு கேக்க எத்தினி பேரு நிக்கிறான்னு. பட்டம் இல்லாத தொழில் எது?

சித்திரை சமாச்சாரம் தனி. மே 4ஆந்தேதி வாக்குல அக்கினி நட்சத்திரம் பொறந்தா, சிமெண்டுத் தளத்துல காலு வெக்க முடியுமா? கருவேப்பிலையே இலையைக் கொட்டிட்டு நிக்குது. 2019 மறந்து போச்சா? பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் எல்லா ஏரியும் வாயைப் பொளந்துக்கினு கெடந்துச்சு. ஜோலார்பேட்டையிலருந்து ரயில்ல தண்ணி ஏத்திக்கினு வந்தான், நம்ம ஆவடி ஸ்டேஷனைத் தாண்டித்தான் வில்லிவாக்கம் போச்சு. ஜூலை 12ஆந்தேதி மொத வண்டி, 50 டேங்கர், 25 லட்சம் லிட்டர். பிளாட்பாரத்துல நின்னவங்க மாலை போடாத கொறையா அந்த வண்டியைப் பார்த்தாங்க. குடிக்கவே ரயில் தண்ணி, இதுல ‘ரோஜாவுக்கு ரெண்டு வேளை நீர் பாய்ச்சவும்’னு எழுதினா படிக்கிறவன் பாராட்டுவானா, கல்லெடுப்பானா?

ஆனா 2020ல மட்டும் கணக்கு தப்பிச்சு. மார்ச் 25ஆந்தேதி ஊரை அடைச்சான், பங்குனி வெயில்னும் பாக்காம ஜனமெல்லாம் மொட்டமாடிக்கு ஏறிச்சு. வேற போக எடம் இல்ல. 1876லருந்து அமெரிக்காவுல வெதை விக்கிற பர்ப்பீ கம்பெனி, அந்த மார்ச்சு மாசம் மாதிரி எந்தக் காலத்துலயும் வித்ததில்லன்னு சொன்னதா நீயே எனக்குப் படிச்சுக் காட்டின. இப்ப நீ அந்த வருஷத்து உச்சியை நெனைச்சுக்கினு இந்த வருஷத்தை அளக்குற. ஜெயில்ல இருக்கிறவனெல்லாம் நம்ம பேச்சைக் கேட்டான், வெளிய வந்ததும் கேக்க மாட்டேங்குறான்னு அழுதா எப்படி நைனா?

ரேடியோ கதை தெரியுமா உனக்கு? 1960கள்ல தஞ்சாவூர்ப் பக்கம் ஆடுதுறை 27ன்னு ஒரு புது நெல்லு வந்துச்சு. ரேடியோவுல விவசாயிங்களுக்குச் சொல்லிச் சொல்லியே பரவின நெல்லு அது, அதனால சம்சாரி அதுக்கு வெச்ச பேரே ரேடியோ நெல்லு. அந்த ரேடியோக்காரன் தெனமும் பேசினான். நாங்க தெனமும் கேட்டோமா? நாத்து விடுற நாள்ல காதை அதுமேலயே வெச்சிருப்போம், அறுப்பு முடிஞ்சா அதே பொட்டியில சினிமாப் பாட்டு. அதுக்காக அவன் தாடையில கை வெச்சு ஒக்காரல.

நீ பண்ற கோளாறு எங்க தெரியுமா? நம்ம மல்லிச் செடியை எடுத்துக்கோ. கார்த்திகையில, நவம்பர் கடைசியில கவாத்து பண்ணணும். முழங்கால் ஒசரம் விட்டு, காஞ்ச குச்சி, பழுத்த எலை எல்லாம் கழிச்சு, எரு வெச்சாத்தான் மார்ச்சுலருந்து மொட்டு கொத்துக் கொத்தா வரும். நீ போன வருஷம் அதைச் சரியா நவம்பர்ல எழுதின. எழுத்துல குத்தம் இல்ல. எத்தினி பேரு படிச்சான்? உங்கம்மாவும் நானும். பங்குனியில பார்த்தா ஊரே ‘மல்லி ஏன் பூக்கல’ன்னு தேடுது. ஜனம் நோவு வந்த பின்னாடிதான் வைத்தியனைத் தேடும், அதான் வழக்கம். அதனால நவம்பர்ல எழுதினதைப் பங்குனியில தூசி தட்டி, ‘மல்லி பூக்கலையா, கவாத்து விட்டிருப்பீங்க’ன்னு தலைப்பை மாத்திப் போடு. திட்டுற மாதிரி இருந்தாத்தான் நம்ம ஆளு நின்னு படிப்பான்.

இல்லேன்னா சுருக்கு வழி ஒண்ணு இருக்கு. உருளைக்கெழங்குல ரோஜாக் குச்சியைச் சொருகி, ஒரே வாரத்துல பூத்துச்சுன்னு படம் போடு. ஆடி, சித்திரை எதுவும் பாக்க வேணாம். பொய்க்கு ஏது பட்டம், 12 மாசமும் வெள்ளாமைதான். செய்வியா? மாட்ட. உங்க தாத்தன் புத்தி உனக்கு. அப்போ பள்ளத்தைத் தாங்கித்தான் ஆவணும்.

ஆனா ஒண்ணு, உலகம் பூரா ஒரே சமயத்துல வெயில் அடிக்கிறதில்ல. உன் சித்தி பொண்ணு டொராண்டோவுல இருக்காளே, அவளுக்கு மே மாசம் நடுவுலதான் பனி விடுது. நம்ம அக்கினி நட்சத்திரத்துல நாம வெசிறிக்கடியில கெடக்குறப்போ அவ வெண்டைக்கா நாத்து நட்டுக்கினு இருக்கா. அக்டோபருக்குள்ள கருவேப்பிலைத் தொட்டியை வீட்டுக்குள்ள தூக்கி வெக்கலன்னா அவளுக்குச் செடி போச்சு. அந்தக் கருவேப்பிலைக்குத் தமிழ்ல வழி சொல்ல ஆள் தேடுறா. மெல்போர்ன்காரனுக்கோ செப்டம்பர், அக்டோபர்தான் வெதைக்கிற காலம், நம்ம மழை அவனுக்கு வசந்தம். நீ படுத்துக்கிச்சுன்னு அழுவுற ரெண்டு பள்ளத்துலயும் கடலைத் தாண்டி ஒருத்தன் மண்வெட்டியோட நிக்கிறான். அவ்ளோ தூரம்கூட வேணாம், நம்ம ஏர்ஃபோர்ஸ் குவார்ட்டர்ஸைப் பாரு. வடக்கத்தியாருங்க அக்டோபர் ஆனா பெட்டூனியா, டேலியான்னு ஊர் ஞாபகத்துல வெதை வாங்குறாங்க, நம்ம மழையில அது அழுகிப் போயிடுது. டிசம்பர் பாதி தாண்டிப் போட்டா பொழைக்கும்னு ரெண்டு வரி எழுது. டிரான்ஸ்ஃபர் வந்து மாத்திக்கினே இருக்கிற சனம், வருஷா வருஷம் புதுசா ஒருத்தன் படிப்பான்.

காசு விஷயத்துல இன்னொரு கூத்து. கூட்டம் அலைமோதுற ஆடியில விளம்பரக்காரன் முடிச்சை அவுக்க மாட்டான், தீபாவளி, கிறிஸ்மஸை ஒட்டித்தான் அள்ளி விடுவான், ஜனவரி ஆனா மறுபடி கையை இறுக்கிக்குவான். அவன் அள்ளி விடுற நேரம் பார்த்து நீ நவம்பர்ல சோறு தின்னாம படுத்துக்கினா நட்டம் யாருக்கு?

இனிமே இந்தக் கோட்டைப் பாக்கணும்னா ஆடியை ஆடியோட வெச்சுப் பாரு, கார்த்திகையைப் போன கார்த்திகையோட வெச்சுப் பாரு. மே மாசத்தை ஆகஸ்ட்டோட வெச்சா மூஞ்சி தொங்கத்தான் செய்யும். ஆடிக்கு வேண்டியதை வைகாசியிலயே எழுதி வெச்சுடு, அப்பதான் உன்னைத் தேட ஆள் இருக்காது, கையும் சும்மா கெடக்கும். ஆனி கடைசியில ஒவ்வொண்ணா அவுத்து விடு. வெதை வாங்கி, தொட்டி நெரப்பி முடிச்ச பின்னாடி வெதைக்கிறது எப்படின்னு எழுதினா எவன் படிப்பான்?

மழை விட்டிருக்கு. உள்ள போயி அந்தக் கவாத்துக் கத்திரியை எடுத்துக்கினு வா, கொல்லையில ரெண்டு மல்லி காடாட்டம் கெடக்கு. நீ வெட்டு, நான் படம் புடிக்கிறேன். இன்னிக்கே போட்டுத் தொலைக்காதே, ஒருத்தனும் பாக்க மாட்டான். பங்குனி வரைக்கும் போன்ல பத்திரமா இருக்கட்டும்.