'ஹோம்' என்னும் பொருள் குறித்து

பெறுநர்: துறைச் செயலர் அவர்கள் (எந்தத் துறை என்பது தங்கள் வலைத்தளத்தின் தலைப்பிலிருந்து தெரியவில்லை)

பொருள்: தங்கள் பக்கங்களுக்குப் பொருள் வேண்டுதல் - தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

'பொருள்' வரி இல்லாத மனுவைத் தங்கள் தபால் பிரிவு வாங்குவதில்லை. நியாயம்தான், எதைப் பற்றியது என்று தெரியாத காகிதத்தை எந்தப் பிரிவுக்கு அனுப்புவது? ஆனால் தங்கள் வலைத்தளத்தில் கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தின் தலைப்பு 'ஹோம்'. தகுதி விவரம், 'ஹோம்'. கடைசித் தேதி அறிவிப்பு, அதுவும் 'ஹோம்'. ஒரே ஒரு பக்கம் மட்டும் மாறுதலாக 'அன்டைட்டில்டு டாக்குமென்ட்'. ட்ரீம்வீவர் மென்பொருள் தானாக இட்ட பெயர் அது. ஒப்புதல் அளித்தவர் ஓய்வே பெற்றிருப்பார்.

இதிலுள்ள பெருந்தன்மை பலருக்குப் புரிவதில்லை. கூகுளில் தேடினால் நீல எழுத்தில் தெரிவது பெரும்பாலும் பக்கத்தின் தலைப்புதான். தாங்கள் 'ஹோம்' என்று ஒதுங்கி நிற்பதால், 'உதவித்தொகை விண்ணப்பம்: தகுதி, ஆவணங்கள், கடைசித் தேதி' என்று தலைப்பிட்ட இடைத்தரகர் முன்னால் வந்து நிற்கிறார். தாங்கள் இலவசமாகத் தரும் படிவத்தை அவர் காசுக்குத் தருகிறார். நிதி ஒதுக்காமலே இப்படியொரு வேலைவாய்ப்புத் திட்டத்தை வேறெந்தத் துறை நடத்துகிறது?

கூகுளும் தன்னால் ஆனதைச் செய்துதான் பார்க்கிறது. தலைப்பு உதவாது என்று பட்டால் பக்கத்தில் பெரிய எழுத்தில் உள்ளதை எடுத்துக் காட்டும் வழக்கத்தை 2021 ஆகஸ்டில் அது விரிவாக்கியது. தங்கள் குறைதீர்ப்புப் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருப்பது 'அன்புடன் வரவேற்கிறோம்'. ஆகவே குறை சொல்ல வருகிறவரைக் கூகுள் இப்போது அன்புடன் வரவேற்கிறது.

யாரோ ஓர் அலுவலர் பயிற்சிக்குப் போய்வந்தார் போலும். புதிய பக்கத்தின் தலைப்பு: 'திட்டம், அரசு திட்டம், இலவச திட்டம், சிறந்த அரசு திட்டம்'. ஒரே சொல்லை இப்படித் திணிக்காதீர்கள் என்று கூகுளே எழுதிவைத்திருக்கிறது. போதாததற்குத் தமிழ் எழுத்து அகலமானது. கைபேசித் திரையில் எந்தத் திட்டம் என்று வருவதற்குள் மூன்று புள்ளி விழுந்துவிடுகிறது.

பார்வையற்ற மாணவர் நிலைமைதான் பாராட்ட வராத இடம். பக்கம் திறந்ததும் திரைவாசிப்பான் அவருக்குச் சொல்வது தலைப்பை. நாலு பக்கம் திறந்தால் நாலு 'ஹோம்'. பக்கத்துக்குத் தலைப்பு வேண்டும் என்பது உலகளாவிய இணைய அணுகல் நெறிகளில் 2.4.2 என்ற எண்ணில், அதுவும் ஆக அடிப்படையான 'ஏ' நிலையிலேயே இருக்கிறது.

டெண்டர் வேண்டாம், குழு வேண்டாம். பக்கத்துக்கு ஒரு வரி: விஷயம் முதலில், துறையின் பெயர் கடைசியில். ஒவ்வொரு பக்கத்துக்கும் வேறு வேறாக. அமைச்சர் பெயர் அதில் வராது என்பது ஒன்றுதான் சிக்கல்.

இப்படிக்கு,
தேடிக்கொண்டிருப்பவன்

நகல்: இடைத்தரகர் அவர்களுக்கு. கோரிக்கை ஏற்கப்பட்டால் தங்கள் தொழில் பாதிக்கப்படலாம் என்பதால் முன்கூட்டியே தெரிவிக்கப்படுகிறது. அவசரம் ஏதுமில்லை.