பந்திக்கு ஏற்ற கண்

கட்சி மாறுகிறவர்களைப் பச்சோந்தி என்று திட்டுவது நம் ஊர் வழக்கம். நிறம் மாறுவதெல்லாம் எனக்குப் பெரிய வித்தையாகத் தெரியவில்லை. அதற்கு ஒரு புதுத் துண்டு போதும். நான் பொறாமைப்படுவது அதன் கண்களைப் பார்த்துத்தான்.

பக்கத்துக்கு ஒன்றாகப் பிதுங்கி நிற்கும் அந்தக் கண்களை இமைத் தோலே முழுக்கப் போர்த்தியிருக்கும். நடுவில் பாவை அளவுக்கு ஒரு சின்னத் துளை மட்டும். ஒவ்வொரு கண்ணும் பக்கவாட்டில் ஏறக்குறைய 180 டிகிரியும், மேலும் கீழுமாக 90 டிகிரியும் தன்பாட்டுக்குச் சுழலும். ஒன்று முன்னால் பார்க்கும்போதே மற்றது பின்னால் வருவது யார் என்று பார்த்துக்கொள்ளும். கல்யாண மண்டபத்தில் இந்த வசதி எனக்கு இருந்தால்! ஒரு கண் மேடையில், ஒரு கண் சாப்பாட்டுக் கூடத்தில் எந்த வரிசை மோருக்கு வந்துவிட்டது என்பதில். இப்போதைக்கு இந்த வேலையை நானும் என் மனைவியும் பங்கு போட்டுச் செய்கிறோம். தாலி கட்டுவதைப் பார்ப்பது அவள் பங்கு.

இரண்டு கண்ணும் ஒன்றையொன்று சட்டை செய்யாது என்றுதான் நெடுநாள் நம்பியிருந்தார்கள். இஸ்ரேலின் ஹைஃபா பல்கலைக்கழகத்தார் பச்சோந்திக்குக் கணினித் திரையில் பூச்சி விளையாட்டு காட்டிப் பார்த்து, 2015இல் அதை மறுத்தார்கள். இரண்டு பொய்ப் பூச்சிகள் எதிரெதிர்த் திசையில் ஓடினால், கண்ணுக்கு ஒன்றாகப் பின்தொடருமாம். பிறகு ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். உடனே மற்ற கண்ணும் அங்கே திரும்பும். அதற்கப்புறம்தான் நாக்கு பாயும். ஆக, இந்தக் கண் என்ன செய்கிறது என்பது அந்தக் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. நம் அலுவலகங்களில் அடுத்தடுத்த கவுண்டர்களுக்குக்கூட இந்தப் பழக்கம் கிடையாது.

இரண்டு கண்ணும் சேர்ந்து பார்த்தாலும், தூரத்தை அது அளப்பது கேமராக்காரர் மாதிரி ஃபோகஸை வைத்துத்தான். 1977இல் லிண்ட்சே ஹார்க்னஸ் என்ற ஆய்வாளர் பச்சோந்தியின் கண்ணுக்கு முன்னால் கண்ணாடி லென்ஸ் பொருத்திப் பார்த்தார். நாக்கு குறி தவறியது. அந்த முடிவைவிட, கண்ணாடி மாட்டிக்கொள்ள அது சம்மதித்ததுதான் எனக்கு ஆச்சரியம். எங்கள் வீட்டுப் பெரியவர் இன்னும் சம்மதிக்கவில்லை.

ஒரு விஷயம். வேலியில் உட்கார்ந்து தலையாட்டுவது பெரும்பாலும் ஓணான்தான். அதற்கு நிறம் மாறும், இந்தக் கண் கிடையாது. நிஜப் பச்சோந்தி மரக்கிளையில் இலையோடு இலையாக, அடிமேல் அடிவைத்து நகரும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உண்டு. கண்ணில் பட்டால் எட்ட நின்று பாருங்கள், வீட்டுக்குத் தூக்கி வராதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.