கூடாரப் பிரதிஷ்டை

மான்செஸ்டர்

அன்புள்ள பெரியப்பா அவர்களுக்கு,

இந்நாட்டுப் பிரஜைகள், குளிருக்கு அடக்கமாகச் செங்கல்லாலான வீடு வாங்கி, அதற்காக ஆயுளில் பாதியைப் பாங்கித் தவணையிலேயே கழித்து, கோடை விடுமுறை பிறந்தவுடன் அந்த வீட்டைப் பூட்டிவிட்டு, எங்கேனும் ஒரு புல்வெளிக்கு வாடகை கொடுத்துத் துணிக்கடியில் படுத்துறங்குவதைப் பரமானந்தமாகக் கருதுகிறார்கள். இந்த வழக்கத்துக்குச் சாஸ்திரம் வகுத்தவர்களில் தலையாயவர் தாமஸ் ஹைரம் ஹோல்டிங் என்ற தையற்காரர். சைக்கிளில் கூடாரம் கொண்டு செல்வோருக்கென்று 1901-ஆம் ஆண்டில் ஒரு சங்கத்தைத் தொடங்கி வைத்து, 1908-இல் இது குறித்துக் கைநூல் ஒன்றும் எழுதி வெளியிட்டார். தனி மனிதருக்குச் சட்டை தைத்துச் சலித்த கை, குடும்பம் முழுவதையும் ஒரே சட்டைக்குள் புகுத்திப் பார்க்க விரும்பியது போலும்.

நாங்களும் ஊரோடு ஒத்து வாழ எண்ணி, ஆறு பேருக்கென்று விற்கும் கூடாரம் ஒன்று வாங்கினோம். ஆறு பேர் என்பது நெருக்கிப் படுத்த கணக்கு. பெட்டிக்கும் அடுப்புக்கும் அதில் இடமில்லையாதலால், நால்வருக்கு அது சரியாயிருந்தது. அதை ஏற்றிக்கொண்டு ஏரிகள் நிறைந்த வடமேற்குப் பிரதேசத்தில், பாரோடேல் பள்ளத்தாக்குக்குச் சென்றோம். அங்கேயுள்ள சீத்வெய்ட் என்னும் குக்கிராமந்தான் இங்கிலாந்தில் ஜனங்கள் வசிக்கும் இடங்களிலெல்லாம் அதிக மழை பெறுவது. ஆண்டுக்குச் சுமார் 3,500 மில்லிமீட்டர், அதாவது நம் தஞ்சாவூரில் பெய்வதைப்போல் ஏறக்குறைய மும்மடங்கு. எங்கள் கூடாரத் துணியிலோ 4,000 மில்லிமீட்டர் என்று முத்திரையிட்டிருந்தது. அவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நின்று அழுத்தினாலும் ஒழுகாது என்பது அதன் தாத்பரியம். ஆகவே, ஒரு வருஷத்து மழை முழுவதும் ஒரே இரவில் தலைமேல் வந்து நின்றாலும் ஐந்நூறு மில்லிமீட்டர் மிச்சமிருக்கும் என்று என் மகன் கணக்குப் போட்டுச் சொன்ன பிறகே அவன் தாயார் காரில் ஏறினாள்.

ஊரில் எத்தனையோ கல்யாணப் பந்தல்களை நாற்காலியில் அமர்ந்தபடியே மேற்பார்வை செய்தவர்கள் தாங்கள். ஆகையால் இதன் சூட்சுமத்தைத் தங்களுக்கு விளக்குவது எளிது. பந்தற்கால் பூமிக்குள் புதைந்து நிற்பது. கூடாரக் கம்போ, ஓரங்குலமும் மண்ணில் இறங்காமல், வில்லாக வளைந்து, நாலாபுறமும் இழுக்கும் கயிறுகளின் பரஸ்பர விரோதத்தாலேயே நிமிர்ந்து நிற்பது. எனவே, காற்று வரும் திக்கை முதலில் பார்த்து, கூடாரத்தின் பின்புறம் அதை எதிர்கொள்ளும்படி துணியை விரித்து, பின் மூலைகளுக்கு முளையடித்த பின்னரே கம்புகளை நுழைக்க வேண்டும். வாசலின் ஜிப்பை மூடி வைத்துக்கொண்டுதான் முன் மூலைகளுக்கு முளையடிக்க வேண்டும். திறந்து வைத்துக்கொண்டு அடித்தால், அந்த வாசல் பிறகு மூட மறுத்துச் சத்தியாக்கிரகம் செய்யும்.

கம்பு நுழைப்பதுதான் இந்த வைபவத்தின் உச்சகட்டம். கண்ணாடியிழையாலான அந்தக் கம்பு, பல துண்டுகளாய், உள்ளே ஓடும் ரப்பர் கயிற்றால் கோக்கப்பட்டிருப்பதால், தள்ளினால் போகுமேயன்றி, இழுத்தால் துணிக்குழலுக்குள்ளேயே மூட்டு கழன்றுகொள்ளும். நான் ஒரு முனையில் நின்று தள்ள, என் மனைவி எதிர்முனையிலிருந்து துணியைச் சுருக்கிச் சுருக்கிக் கம்பின்மேல் ஏற்ற, என் மகள் செய்முறைத் தாளை உரக்கப் பாராயணம் செய்ய, ‘இழுக்காதே, இழுக்காதே’ என்ற கோஷம் அந்த ஆங்கிலேயப் பள்ளத்தாக்கில் செந்தமிழில் எதிரொலித்தது.

நம் ஊராயிருந்தால் இதற்குள் பத்துப் பேர் கூடிப் பன்னிரண்டு அபிப்பிராயங்கள் சொல்லியிருப்பார்கள். இங்கே தீ பரவாதிருக்கும்பொருட்டு இரு கூடாரங்களுக்கிடையே ஆறு மீட்டர் விடுவது வழக்கம். அந்த ஆறு மீட்டருக்கு அப்பால், தேநீர்க் கோப்பையும் கையுமாக அமர்ந்து எங்களை ஆதியோடந்தமாகப் பார்த்துக்கொண்டிருந்த முதிய கனவான் ஒருவர், கடைசி முளை இறங்கும்வரை வாய் திறக்கவில்லை. பிறகு மெள்ள எழுந்து வந்தார். என் மகன் நட்டுக்குத்தாக அடித்திருந்த ஒரு முளையைப் பிடுங்கி, அதன் தலை கூடாரத்தைவிட்டு வெளிப்புறமாகச் சாயும்படி வைத்து, ரப்பர் கொட்டாப்புளியால் நாலு தட்டுத் தட்டி இறக்கினார். கயிற்றை ஒருமுறை சுண்டிப் பார்த்தார். அவ்வளவுதான், ஒரு வார்த்தையும் உதிர்க்காமல் தேநீருக்குத் திரும்பிவிட்டார். இவ்வளவு சுருக்கமான உபதேசத்தை நான் வேறெந்தக் குருவிடமும் பெற்றதில்லை.

இரவு மழை பெய்தது. துணி தன் முத்திரைக்குத் துரோகம் செய்யவில்லை. ஆனால் குளிருக்குப் பயந்து சாளரங்களையெல்லாம் அடைத்துக்கொண்டு படுத்ததனால், நாங்கள் நால்வரும் விட்ட மூச்சே துணியில் படிந்து, விடியற்காலையில் சொட்டுச் சொட்டாக எங்கள் முகத்திலேயே விழுந்தது. வருணபகவானைத் தடுத்துவிடலாம், சொந்தச் சுவாசத்தைத் தடுக்க யாரால் முடியும்? மறுநாள் முதல், குளிர்ந்தாலும் சரியென்று, காற்றுக்கு வழிவிட்டே உறங்கினோம்.

ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சணம் பூத்துவிடும் என்பதால், திரும்பி வந்ததும் கூடாரத்தைக் கூடத்தின் குறுக்கே கொடி கட்டி உலர்த்தியிருக்கிறோம். விடுமுறையில் அதற்குள் நிமிர்ந்து நடமாடிய நாங்கள், இப்போது தவணை கட்டும் சொந்த வீட்டில், அதனடியில் குனிந்து குனிந்து சமையலறைக்குப் போய் வருகிறோம்.

பெரியம்மாவுக்கு எங்கள் நமஸ்காரம்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள தம்பி மகன்