மாதனூர் ஃபுல் ஸ்டாக் தம்பி

மாதனூரில் வேலை என்றால் அதற்கு பஸ் வரும். ஆம்பூர் ஷூ கம்பெனி வண்டிகள் விடிந்ததும் ஊர் ஊராக நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும், இருட்டியதும் இறக்கிவிடும். பஸ் ஏறினால் வேலைக்குப் போகிறவன், ஏறாவிட்டால் சும்மா இருக்கிறவன். இந்தக் கணக்கில் சேராத ஒரு ஜீவன் இப்போது தெருவுக்கு ஒன்று முளைத்திருக்கிறது.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். பி.எஸ்சி. முடித்திருப்பான், பாடம் பெரும்பாலும் வேதியியல். மடியில் அக்காவுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த அரசாங்க லேப்டாப். பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. ஒயரைப் பிடுங்கினால் மொத்தமும் அணைந்துவிடும். சிக்னல் இருப்பது மொட்டை மாடியில், பிளக் பாயின்ட் இருப்பது கூடத்தில். ஆகவே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எட்டுகிற கடைசிப் படியில், மாடிக்கும் கூடத்துக்கும் நடுவே, குடியிருப்பான். லிங்க்ட்இன்னில் மட்டும் 'ஃபுல் ஸ்டாக் டெவலப்பர்'. மாவட்டம் 2019இல் பிரிந்து திருப்பத்தூர் ஆகிவிட்டாலும் ரெஸ்யூமில் வேலூர் என்றே போடுவான். பெங்களூர்க்காரர்கள் திருப்பதி என்று படித்துவிடுகிறார்களாம்.

படிப்பெல்லாம் இலவசம்தான். பள்ளி நிர்வாகியாக இருந்து, முப்பது வயதுக்கு மேல் தானாகவே புரோகிராமிங் கற்றுக்கொண்ட குவின்சி லார்சன் 2014இல் தொடங்கிய 'ஃப்ரீகோட்கேம்ப்' அவனுக்குக் குருகுலம். அங்கே சான்றிதழ் வாங்க வேண்டுமானால் பிடித்த ஒருவரைப் பற்றி ஒரு பக்கம் செய்து காட்ட வேண்டும். தம்பி அப்துல் கலாமைத் தேர்ந்தெடுத்தான். நடுவில் படம், கீழே பிறந்த தேதி, மறைந்த தேதி. படியேறி வந்த பெரியம்மா பார்த்துவிட்டு, "கலாம் ஐயாவுக்கு இப்ப இன்னாத்துக்குடா கண்ணீர் அஞ்சலி பேனரு? பிரின்டுக்கு எவ்ளோ கேட்டான்?" என்றாள்.

அடுத்தது ஜாவாஸ்கிரிப்ட் மொழி. நெட்ஸ்கேப் கம்பெனியில் இருந்த பிரெண்டன் ஐக் என்பவர் 1995 மே மாதம் அதன் முதல் வடிவத்தைப் பத்தே நாளில் எழுதி முடித்தார். தம்பி அதைப் பத்து மாதமாகப் படித்துக்கொண்டிருக்கிறான். அவசரத்தில் செய்த பண்டத்தைத் தின்கிறவன்தான் நிதானமாக மெல்ல வேண்டியிருக்கிறது.

வீட்டில் அவன் தொழிலைப் புரிந்துகொள்கிற ஒரே ஆள் அம்மா. அவள் ஷூ கம்பெனியில் 'க்ளோசிங்'கில் இருக்கிறாள். வெட்டி வந்த தோல் துண்டுகளைத் தைத்து, ஷூவின் மேல்பாகமான 'அப்பர்' ஆக்குகிற பிரிவு அது. ஒருநாள் ராத்திரி திரையில் பாதிப் பக்கம் திடீரென்று தடித்த எழுத்தாகிவிட்டது. இரண்டு மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டு, "ஒரு க்ளோசிங் டேக் விட்டுப்போச்சும்மா" என்றான். அம்மா மாத்திரையை விழுங்கிக்கொண்டே சொன்னாள்: "எங்கியும் அதே கததானா? எவன் தப்பா வெட்டினாலும் திட்டு க்ளோசிங்குக்குத்தான் வரும்."

மாமாவிடம் இவ்வளவு சுலபமாகத் தப்ப முடியாது. ஷூ கம்பெனியில் இவனுக்காகச் சூப்பர்வைசர் வேலைக்குச் சொல்லிவைத்திருப்பவர் அவர். அவரை மடக்கத் தம்பியிடம் ஒரே அஸ்திரம் உண்டு: "ஸோஹோல டிகிரியே கேக்க மாட்டாங்க மாமா." பொய்யில்லை. ஸோஹோ தொடங்கிய பள்ளியில் பிளஸ் டூ அல்லது டிப்ளமோ முடித்த பிள்ளைகளை எடுத்து, கையில் உதவித்தொகையும் கொடுத்து, சாஃப்ட்வேர் வேலைக்குப் பழக்குகிறார்கள். மாமா யோசித்துவிட்டுக் கேட்டார்: "அப்ப நீ இன்னாத்துக்கு மூணு வருஷம் காலேஜ் போன?"

மாமாவை அசத்தவே ஒரு பிரியாணிக் கடைக்கு வெப்சைட் செய்தான். சீரக சம்பா, கத்தரிக்காய் தொக்கு எல்லாம் கண்ணில் ஒத்திக்கொள்கிற மாதிரி. வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பினான். 'லோக்கல்ஹோஸ்ட்' என்று தொடங்கும் லிங்க். அது செய்தவன் மெஷினில் மட்டும்தான் திறக்கும். மாமா போனில் எரர்தான் வந்தது. "லோக்கல்னு போட்டுக்கீறியே, ஆம்பூர்ல தெரியாதா?" என்றார். நியாயமான கேள்வி.

வேலை விளம்பரங்கள் வேறு ரகம். 'ஃபிரெஷர் தேவை, இரண்டு வருட அனுபவம் அவசியம்.' சென்னைக்கும் பெங்களூருக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கிறது மாதனூர். இரண்டு ஊர் ஐ.டி. கூட்டத்தையும் ஏற்றிய வண்டிகள் ஹைவேயில் ராத்திரி பகலாகப் பறக்கின்றன, பெரும்பாலும் நிற்காமல்.

கடைசியில் பெங்களூரிலிருந்து ஆறே பேர் இருக்கிற ஓர் ஆபீஸ் வீடியோவில் கூப்பிட்டது. மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே லுங்கி. அம்மா மிக்ஸியை நிறுத்தினாள், தெருநாயைத் துரத்தினாள், கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோடு எழுதி ஒரு பெட்டியைத் திரைக்கு நடுவில் நிறுத்தச் சொன்னார்கள். மூன்றாவது முயற்சியில் நின்றது. திங்கட்கிழமையிலிருந்து சேரலாம், ஆபீஸுக்கு வர வேண்டாம், வீட்டிலிருந்தே செய்யலாம் என்றார்கள்.

தம்பி திரும்பிப் பார்த்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டே அம்மா கிசுகிசுத்தாள்: "பஸ்ஸு எத்தினி மணிக்கு வருமாம், கேளுடா."